எம்ஜிபியின் முன் பிரேக் கீச்சிட்டால்

எம்ஜிபி (MGB) என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் முன் பிரேக் கீச்சிட்டால் உடனே டிஸ்க்கை, அதாவது சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டை, மாற்ற ஓடாதீர்கள். ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுத்துச் சக்கரத்தைக் கழற்றுங்கள். டிஸ்க்கைக் கவ்வியிருக்கும் காலிப்பரில், டிஸ்க்கோடு உரசும் பேடைப் பிடித்திருப்பவை இரண்டு காட்டர் பின்கள் (முனை பிளந்த கம்பி ஊசிகள்) தான். அவற்றை உருவும்போது ஸ்பிரிங் தகட்டை விரலால் அழுத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் துள்ளி எங்காவது போய்விழும்.

எப்போது போட்ட பேட் என்றே தெரியவில்லையா? தேய்க்காதீர்கள், தூசியை ஊதவும் கூடாது, ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் புதிது போடுங்கள். புது பேடே பளபளவென்று மெருகேறியிருந்தால் மட்டும் 120 நம்பர் எமரி பேப்பரில் லேசாகத் தேய்த்து, ஓரங்களைச் சாய்த்துவிடலாம்.

அப்புறம் ஷிம். பேடுக்கும், அதை டிஸ்க்கில் அழுத்தும் பிஸ்டனுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய தகடு. பேடின் அதிர்வு பிஸ்டனுக்குப் போகாமல் தடுப்பதே அதன் வேலை. 'இது எதற்கு' என்று தூக்கிப்போடும் மெக்கானிக்குகள் ஏராளம். நான் முதலில் தேடுவது இதைத்தான். பிரேக்குக்கான கிரீஸை ஷிம்மின் இரு பக்கமும் மெல்லிசாகத் தடவுங்கள், பேடின் உரசும் முகத்தில் ஒரு பொட்டுகூடப் படக்கூடாது.

புது பேடுக்கு இடம் கிடைக்கப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் டப்பாவில் ஒரு கண் வையுங்கள். வழிந்தால் பெயின்ட் போச்சு! பிஸ்டன் அசையவே இல்லையென்றால் காலிப்பரைப் பிரிக்கத்தான் வேண்டும்.

எல்லாம் மாட்டியதும், வண்டியை நகர்த்தும் முன் பிரேக் பெடலைக் கெட்டியாகும்வரை மிதியுங்கள்.