மரப்படி, கைப்பிடி பழுதுபார்க்க ஆள் வைப்பது எப்படி? பெங்களூர் வீடுகளுக்கான செய்முறை

மரப்படி கிரீச்சிட்டாலும் சரி, கைப்பிடி ஆடினாலும் சரி, பெங்களூரில் பலர் முதலில் கூப்பிடுவது பாலிஷ்காரரைத்தான். வரிசை தவறுவது அங்கேதான். பலகை அசைந்துகொண்டிருக்கும்வரை எவ்வளவு உயர்ந்த பி.யு. (பாலியூரிதேன்) பாலிஷ் அடித்தாலும் இணைப்புகளில் மயிரிழை விரிசல் விடும். வீடு துடைக்கும் தண்ணீர் அந்த வழியே இறங்கி, ஓரம் உரியத் தொடங்கும். முதலில் தச்சர், அடுத்துத்தான் பாலிஷ்காரர். இரண்டையும் ஒரே ஆள் செய்வதாகச் சொன்னாலும் இரண்டுக்கும் தனித்தனி விலை, தனித்தனி நாள் கேளுங்கள்.

1. ஆளைக் கூப்பிடும் முன் நீங்களே பாருங்கள்

உங்கள் படி எந்த வகை என்று தெரிய வேண்டும். அல்சூர், காக்ஸ் டவுன் பக்கத்துப் பழைய வீடுகளில் முழுக்க மரத்தாலான படிக்கட்டு இருக்கும். அடியில் போய்ப் பார்க்க முடியும். ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபூர் ரோடு டூப்ளெக்ஸ்களில் பெரும்பாலும் கான்கிரீட் படியின் மேல் பலகை ஒட்டியிருப்பார்கள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

ஒவ்வொரு படியிலும் இடது ஓரம், நடு, வலது ஓரம் என மூன்று இடங்களில் உடல் எடையை முழுக்க ஊன்றி நில்லுங்கள். சத்தம் வரும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். கான்கிரீட் மேல் ஒட்டிய பலகையானால் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான சத்தத்துக்கு நடுவே ‘டொக்’ என்று வெற்றுச் சத்தம் வந்தால் அங்கே பசை விட்டுவிட்டது.

கைப்பிடியை அசைக்கும்போது கண் கீழ்த்தூணின் அடியில் இருக்கட்டும். தூண் தரையோடு சேரும் இடத்தில் அசைந்தால் பிரச்சினை அடிப்பிடிப்பில். தூண் அசையாமல் கைப்பிடி மட்டும் ஆடினால் மேலிணைப்பு விட்டிருக்கிறது. இதைத் தச்சரிடம் சொல்ல முடிந்தாலே பேச்சு வேறு மாதிரி நடக்கும்.

அடுத்து பூச்சி. மண்கோடு தெரிந்தால் கரையான். ஊசிமுனை ஓட்டைகளும் அடியில் மாவு போன்ற தூளும் இருந்தால் உளு, அதாவது மரத்தைத் துளைக்கும் வண்டு. படிக்கு அடியில் உள்ள அலமாரி, சுவரை ஒட்டிய ஓரம் இரண்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்தினால் உள்ளே இறங்குகிற பலகையைப் பாலிஷ் காப்பாற்றாது, மாற்றித்தான் ஆக வேண்டும். பூச்சி மருந்து வேலையும் பாலிஷுக்கு முன்பே முடிய வேண்டும்.

2. பழைய பூச்சு எது?

கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் பாலிஷ் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து ஒரு நிமிடம் வையுங்கள். பிசுபிசுத்தால் அது அரக்கு பாலிஷ். பிசுபிசுக்காவிட்டால் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரை அதேபோல் வைத்துப் பாருங்கள், இளகினால் என்.சி. லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் அநேகமாக மெலமைன் அல்லது பி.யு.

அரக்கின் மேலோ மெழுகின் மேலோ பி.யு. சரியாகப் பிடிக்காது, தோலாக உரியும். ‘பழசு மேலேயே ரெண்டு கோட் குடுத்துடறேன்’ என்று சொல்பவர் குறைவான விலை சொல்வதற்குக் காரணம், சுரண்டும் வேலையை அவர் கணக்கில் சேர்க்கவில்லை என்பதுதான்.

3. தச்சரைத் தேர்ந்தெடுப்பது

வார்ட்ரோப், மாடுலர் கிச்சன் செய்பவர்கள் பிளைவுட்டில் கெட்டிக்காரர்கள். முழு மரத்தில் இணைப்பு போடுவது வேறு கை. மைசூர் ரோட்டில் நியூ டிம்பர் யார்டு லேஅவுட், சிவாஜிநகர் பக்கம் பேம்பூ பஜார் போன்ற இடங்களின் மரக்கடைகளில் ‘படிக்கட்டு, கதவு நிலை செய்யற ஆள்’ என்று கேட்டு விசாரியுங்கள்.

வந்தவரிடம் இரண்டே கேள்வி போதும்.

‘ஆடுற தூணை எப்படி நிறுத்துவீங்க?’ ‘நாலு ஆணி அடிச்சா நின்னுடும்’ என்றால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். ஆணி சில மாதம் பிடித்து, மறுபடி ஓட்டை பெரிதாகித் தளரும். தூணைக் கழற்றி, பழைய பசையைச் சுத்தமாகச் சுரண்டி, முளை (இணைப்புக்குள் செருகும் மரக்குச்சி) வைத்து எபாக்ஸிப் பசையால் சேர்ப்பேன், அடி கான்கிரீட் என்றால் ஆங்கர் போல்ட் போடுவேன் என்பவர் வேலை தெரிந்தவர். பழைய பசையின் மேல் புதுப் பசை பிடிக்காது என்பதால் அந்தச் சுரண்டல் முக்கியம்.

‘கிரீச் சத்தத்துக்கு என்ன செய்வீங்க?’ மிதிபலகையும் அதன் கீழ் நிற்கும் எதிர்ப்பலகையும் உரசுவதாலோ, தளர்ந்த ஆணியில் பலகை ஏறி இறங்குவதாலோதான் சத்தம் வருகிறது. அடியில் போக முடிந்தால் இடைவெளியில் பசை தடவிய ஆப்பு, மூலையில் சிறு மரக்கட்டை, கீழிருந்து ஸ்க்ரூ. போக முடியாவிட்டால் மேலிருந்து சாய்வாக ஸ்க்ரூ இறக்கி, தலையைப் புதைத்து, அதே மரத்தின் துண்டால் அடைக்க வேண்டும். அந்த அடைப்பின் மரரேகை பலகையின் ரேகையோடு ஒரே திசையில் ஓடினால்தான் கண்ணுக்குத் தெரியாது. டால்கம் பவுடர் தூவினாலும் சத்தம் அடங்கும். ஆனால் சில வாரத்துக்குத்தான்.

பசை விட்ட பலகைக்கு ஊசி வழியாக எபாக்ஸி ஏற்றலாம். பாதிக்கு மேல் வெற்றுச் சத்தம் என்றால் கழற்றி மறுபடி ஒட்டுவதே மேல்.

பலகை மாற்றுவதானால் தேக்குக்குத் தேக்கு, வேங்கைக்கு வேங்கை. (இங்கே மரக்கடையில் வேங்கையை ஹொன்னே என்பார்கள்.) ஈரம் 12 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது, மாய்ஸ்சர் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். வாங்கிய பலகை வெட்டுவதற்கு முன் ஒன்றிரண்டு வாரம் உங்கள் வீட்டுக்குள்ளேயே கிடக்கட்டும். கைப்பிடிக் கால்களைப் புதிதாகப் போடுவதானால் இடைவெளி 100 மி.மீ.யைத் தாண்ட வேண்டாம். அதைவிட அகலமானால் குழந்தையின் உடல் நுழைந்து தலை சிக்கும்.

4. அளவும் விலையும்

பாலிஷ் சதுர அடிக் கணக்கு. மூன்றரை அடி அகலம், 11 அங்குல மிதி, 7 அங்குல உயரம் உள்ள ஒரு படி சுமார் 5.25 சதுர அடி. 18 படிக்கு 94.5. பலகைக்கு இதில் தகராறு வராது.

தகராறு கைப்பிடியில்தான். 14 அடி நீளம், 3 அடி உயரமுள்ள கைப்பிடி வரிசையை (மேல்கட்டையும் கால்களும் சேர்த்து) 42 சதுர அடி என்று நீங்கள் நினைப்பீர்கள். இரண்டு பக்கமும் சேர்த்து 84 என்று அவர் பில் போடுவார். காலுக்குக் காலாகத் தேய்ப்பது உண்மையிலேயே நேரம் தின்னும் வேலை, அவர் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் எந்தக் கணக்கு என்பது வேலை தொடங்கும் முன் முடிவாக வேண்டும். கைப்பிடிக் கட்டையை ஓட்ட அடிக்கு, அதாவது நீளத்தை மட்டும் அளந்து, பேசுபவர்களும் உண்டு.

வாய்ப்பேச்சாக விடாமல் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி ‘சரி’ வாங்குங்கள்: பழைய பூச்சு முழுக்க எடுப்பதா, எத்தனை கோட் சீலர் (அடிப்பூச்சு), எத்தனை கோட் டாப் (மேல்பூச்சு), கம்பெனி பெயர், மேட்டா கிளாஸா, சாமான் யாருடையது, ஜி.எஸ்.டி. சேர்த்தா, சுவரிலும் தரையிலும் கறை பட்டால் யார் பொறுப்பு. பணம்: 30 சதவீதம் முன்பணம், தச்சுவேலை முடிந்து நீங்கள் படியில் நடந்து பார்த்ததும் 30, சீலர் முடிந்ததும் 30, கடைசி 10 ஒரு வாரம் கழித்து.

5. பாலிஷ் நடக்கும்போது

பி.யு.வுக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். மழைநாளில் அடித்தால் அதில் கலக்கும் ஹார்டனர் (பூச்சை இறுகவைக்கும் திரவம்) காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து வாயுவை விடும். பூச்சில் பொடிக் குமிழிகள் நிற்கும்.

தேய்ப்பது 80, 120, 180 என்று உப்புத்தாள் வரிசைப்படி, ரேகையின் போக்கில். 80-லிருந்து நேராக 180-க்குத் தாவினால் கீறல் அப்போது தெரியாது, ஸ்டெயின் (மரச்சாயம்) ஏறியதும் கோடுகோடாகக் கிளம்பும். உங்களுடையது எஞ்சினியர்டு பலகையானால் (அடுக்குகளை ஒட்டிச் செய்தது) மேல்மரம் சில மில்லிமீட்டர்தான் இருக்கும். படியின் முன்விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்து உறுதிசெய்துகொண்டு, பெல்ட் சாண்டர் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

விரிசலுக்கு ஃபெவிகாலும் மரத்தூளும் குழைத்து அடைப்பது இங்கே பெரிய வழக்கம். பசை ஸ்டெயினை உறிஞ்சாது, அந்த இடம் மட்டும் திட்டாக நிற்கும். பெரிய விரிசலுக்கு மெல்லிய மரச்சில்லைச் சீவி ஒட்டச் சொல்லுங்கள்.

நிறத்தை அட்டையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தேய்த்த பலகையின் மறைவான ஓரத்தில் மூன்று சாயல், அதன் மேல் சீலர், டாப் எல்லாம் போட்டு, காய்ந்தபின் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

டப்பாவின் சீல் உங்கள் முன்னால் உடைய வேண்டும். பேஸும் ஹார்டனரும் டப்பாவில் போட்ட விகிதப்படி அளந்து கலக்க வேண்டும், கண்மதிப்பில் கூடாது. கலந்தது சில மணி நேரத்தில் கெட்டியாகும். அதில் மேலும் தின்னர் ஊற்றி இளக்கி அடிப்பார்கள். அப்படி அடித்த பூச்சு வலுவிழந்து, மிதிபடும் இடத்தில் சீக்கிரம் தேயும். மீந்ததைக் கொட்டத்தான் வேண்டும். கோட்டுக்கு நடுவே 320 உப்புத்தாளால் லேசாக ஒரு இழுப்பு, பிறகு தூசி துடைப்பு. மிதிக்கு மேட் அல்லது சாட்டின், கிளாஸ் வழுக்கும்.

வீட்டில் இருந்துகொண்டே வேலை நடக்கிறதென்றால் பிரஷ், ரோலர் பூச்சுக்கு ஒரு வழி உண்டு: முதல் நாள் 1, 3, 5 என்று ஒற்றைப்படைப் படிகள், அவை காய்ந்தபின் இரட்டைப்படை. ஒன்று விட்டு ஒன்று ஏறி இறங்கலாம், முதியவர்கள் மட்டும் கீழேயே தங்கட்டும். ஸ்ப்ரே என்றால் இது நடக்காது. அன்று அடுப்பு, பூஜை விளக்கு எதுவும் எரியக் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும், குழந்தைகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் வேறு வீட்டில் இருப்பது நல்லது. அடிப்பவர் முகத்தில் துணி போதாது, ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும். அவரிடம் இல்லையென்றால் நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

6. வேலையை ஏற்றுக்கொள்வது

இரவில் விளக்கணைத்து டார்ச்சைப் பலகையோடு படுக்கவைத்து அடியுங்கள். வழிந்த இடம், குமிழ், விட்டுப்போன ஓரம் எல்லாம் நிழலாகத் தெரியும். டேப் ஒட்டிய பழைய இடங்களில் மறுபடி ஊன்றி நின்று பாருங்கள். கடைசிக் கோட்டுக்குப்பின் ஒரு நாள் கழித்து வெறுங்காலோடு நடக்கலாம். ஈரத் துடைப்பம், கால்மிதி, கனமான சாமான் தூக்குவது எல்லாம் ஒரு வாரத்துக்குப் பிறகுதான். கடைசி 10 சதவீதம் கைமாறுவதும் அன்றுதான்.