டேட் மாடர்னில் தரையையும் பாருங்கள்

லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில் இருக்கும் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்துக்குச் செல்பவர்களில் பலர் ஆற்றுப்பக்க வாசல் வழியாக நுழைந்துவிடுகிறார்கள். நீங்கள் மேற்கு வாசலைத் தேடிப் போங்கள். அங்கிருந்து இறங்கும் அகலமான சரிவுப் பாதை உங்களை நேராக டர்பைன் ஹாலுக்குக் கொண்டுபோகும். இந்தக் கட்டடம் முன்பு மின்நிலையமாக இருந்தபோது டர்பைன்கள் இயங்கிய கூடம் அது. 2000-ஆம் ஆண்டில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டதிலிருந்து பிரம்மாண்டமான கலைப்படைப்புகள் இங்கே மாறி மாறி இடம்பெறுகின்றன.

உள்ளே போனதும் தரையைக் கவனியுங்கள். 2007-இல் கொலம்பியக் கலைஞர் டோரிஸ் சால்செடோ, இந்தக் கூடத்தின் கான்கிரீட் தரையில் 167 மீட்டர் நீளத்துக்கு ஒரு பிளவை உருவாக்கினார். இனவெறியும், குடியேறி வந்தவர்களை ஒதுக்கிவைப்பதும் ஐரோப்பாவில் ஏற்படுத்திய பிளவைப் பற்றிய படைப்பு அது. கண்காட்சி முடிந்ததும் பிளவை நிரப்பிவிட்டார்கள். ஆனால் தழும்பு போகவில்லை. அதன் வழியே மெல்ல நடந்து பாருங்கள். மேல்தளங்களில் உள்ள பல படைப்புகளைவிட இது என்னை அதிகம் உலுக்கியது.

நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டும்தான் டிக்கெட். உங்களுடன் வருபவர் 16 முதல் 25 வயதுக்குள் இருந்தால், டேட் கலெக்டிவ் திட்டத்தில் முன்கூட்டியே பெயரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். சேர்வது இலவசம்; சிறப்புக் கண்காட்சிகளையும் 5 பவுண்டுக்குப் பார்க்கலாம்.