மூக்குத்தியைக் கழற்றச் சொன்னால், புகாரில் எந்தக் காரணத்தை எழுதுவது?

தென்னாப்பிரிக்காவில் பள்ளி, கடை, வாடகை வீடு போன்ற இடங்களில் பாகுபாடு என்றால், 2000-ஆம் ஆண்டின் 4-ஆம் சட்டமான பாகுபாடு தடுப்புச் சட்டப்படி, சமத்துவ நீதிமன்றத்தில் படிவம் 2 என்ற புகார்ப் படிவத்தைக் கொடுங்கள், கட்டணம் இல்லை. வேலையிடத் தகராறு இங்கே செல்லாது, அதை ஆறு மாதத்துக்குள் வேலைத் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பான சிசிஎம்ஏவிடம் (CCMA) கொண்டுபோக வேண்டும்.

"அவமானப்படுத்தினார்கள்" என்று மட்டும் எழுதினால் புகார் நிற்காது. இனம், நிறம், பாலினம், கர்ப்பம், வயது, மதம், பண்பாடு, மொழி, பிறப்பு எனச் சட்டமே பெயர் சொல்லும் காரணத்தைச் சுட்டுங்கள். அந்தக் காரணத்தால் பாகுபாடு நடந்தது என்பதற்கு நீங்கள் முகாந்திரம் காட்டினால் போதும். பாகுபாடு இல்லை, அல்லது அது நியாயமானதே என நிரூபிப்பது எதிர்த்தரப்பின் தலைவலி. பட்டியலில் இல்லாத காரணமானால், கண்ணியம் குலைந்தது போன்ற பாதிப்பை நீங்கள்தான் காட்ட வேண்டும்.

ஒரே காரணத்தோடு நிற்காதீர்கள். டர்பன் மாணவியின் மூக்குத்தி வழக்கில் (2007) அரசமைப்பு நீதிமன்றம் மதம், பண்பாடு இரண்டையும் ஏற்றது. மூக்குத்தி மதக் கட்டாயம் அல்ல என்ற வாதம் பள்ளிக்குக் கைகொடுக்கவில்லை.