ஓடாத ரயிலுக்குப் போன் பொறுப்பல்ல: லெகோ ரயிலை ப்ளூடூத்தில் ஓட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கம் வெளிநாட்டு வேலையிலிருந்து ஊர் திரும்பும் சபுராளிகளின் பெட்டியில் இப்போதெல்லாம் சாக்லேட், சென்ட்டோடு லெகோ ரயிலும் எட்டிப் பார்க்கிறது. பிள்ளைகள் பிரித்துப் பூட்டி, போனில் ஆப்பையும் இறக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு வரும் புகார் அநேகமாக ஒன்றுதான்: “ப்ளூடூத் கனெக்ட் ஆகி நிக்கவே மாட்டேங்குது.” உடனே போனை மாற்றுவார்கள், ஆப்பை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுவார்கள், கடைசியில் “மாலே சரியில்ல” என்று பரண்மேல் போட்டுவிடுவார்கள். ரயிலைக் கவிழ்த்துப் பார்ப்பவர்கள் குறைவு. கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

வாங்கும்போதே நடக்கும் தவறு

லெகோ ரயில் எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பது காசைக் கரைக்கும். 1991இல் வந்த 9 வோல்ட் ரயில்கள் தண்டவாளத்திலிருந்தே மின்சாரம் எடுப்பவை. தண்டவாளத்தின் மேல் உலோகத் தகடு பளபளக்கும். 2009இல் ரயில்களுக்கு வந்த பவர் ஃபங்ஷன்ஸ் வரிசையில் பேட்டரி ரயிலுக்குள் போய்விட்டது, கட்டுப்பாடு டிவி ரிமோட் போன்ற இன்ஃப்ராரெட் ரிமோட்டில். போனோடு நேரடியாகப் பேசும் பவர்டு அப் வரிசை 2018இல்தான் வந்தது. 60197 என்ற எண்ணுள்ள பயணிகள் ரயிலும் 60198 சரக்கு ரயிலும் அதன் முதல் ரயில்கள். 2022இல் 60336, 60337 வந்தன.

பவர் ஃபங்ஷன்ஸ் பிளக் பவர்டு அப் ஹப்பில், அதாவது பேட்டரியும் ப்ளூடூத்தும் அடங்கிய பெட்டியில், ஏறாது. அழுத்தினால் ஏறும் என்று முயல வேண்டாம், கம்பியின் எண்ணிக்கையே வேறு. பழைய மோட்டார்தான் கையில் இருக்கிறது, ஆனால் போனில் ஓட்ட வேண்டும் என்றால் எஸ்பிரிக், புவிஸ் போன்ற வேறு நிறுவனத்து ப்ளூடூத் பெட்டிகள் உண்டு. எஸ்பிரிக்குக்குத் தனியாக பேட்டரிப் பெட்டி வேண்டும், புவிஸ்ஸுக்குள் பேட்டரி அடங்கியிருக்கும். தண்டவாளத்தைப் பொறுத்தவரை அகலம் ஒன்றுதான். பேட்டரி ரயில் உலோகத் தண்டவாளத்திலும் ஓடும். பழைய 9 வோல்ட் ரயில்தான் பிளாஸ்டிக் தண்டவாளத்தில் அசையாது.

இன்ஃப்ராரெட் செட் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குகிறவர்கள் நம்ம ஊர் வெயிலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சூரிய ஒளியிலேயே இன்ஃப்ராரெட் ஏராளம். பாம்பனில் மதிய வெயில் விழும் முற்றத்தில் ரிமோட்டின் சின்ன ஒளியை ரிசீவர் பிரித்தறியத் திணறும். வீட்டுக்குள் ஒழுங்காக ஓடிய ரயில் திண்ணைக்கு வந்ததும் காது கேளாததுபோல் நிற்பது இதனால்தான்.

இன்னொன்று, அலமாரியில் வைத்து அழகு பார்க்கச் செய்த பெரிய லெகோ ரயில்கள் பல மோட்டார் இல்லாமலே வரும். வெளிநாட்டிலிருந்து வாங்கிவரச் சொல்லும்போது “ரயில் வாங்கிட்டு வாங்க” என்று மட்டும் சொல்லாமல் எண்ணையும் அனுப்பிவிடுங்கள்: ஹப் 88009, ரயில் மோட்டார் 88011, கை ரிமோட் 88010.

செட்டிங்ஸில் தேடாதீர்கள்

“மாமா, ப்ளூடூத் ஆன் பண்ணிட்டேன், பேரே வரல.”

“எங்கடா தேடுற?”

“செட்டிங்ஸ்லதான்.”

“அதை விடு. ஆப்புக்குள்ள போய்த் தேடு.”

இந்த உரையாடல் எத்தனை வீட்டில் நடந்திருக்கும் என்று தெரியாது. காதில் மாட்டும் ஹெட்செட்டைப் போனின் செட்டிங்ஸில் இணைத்துப் பழகிய கை ரயிலையும் அங்கேயே தேடும். இந்த ஹப் பேசுவது குறைந்த மின்சாரத்தில் வேலை செய்யும் ப்ளூடூத் வகை. அதை ஆப்தான் தேடி, ஆப்தான் இணைக்கும். பொத்தானை அழுத்தியதும் ஹப்பில் விளக்கு மினுக்கும், இணைந்ததும் மினுக்கல் நின்று ஒரே நிறமாக எரியும். போனில் வரும் அறிவிப்பைவிட இந்த விளக்கை நம்பலாம்.

ஆப்பிலும் தெரியவில்லை என்றால் அனுமதிகளைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 11 வரையிலான போன்களில் லொகேஷன் அணைந்திருந்தால் ஆப் எதையும் கண்டுபிடிக்காது. பொம்மை ரயிலுக்கு நம் இருப்பிடம் எதற்கு என்ற சந்தேகம் நியாயமானதுதான். ப்ளூடூத் தேடலை வைத்து ஆள் இருக்கும் இடத்தை ஊகிக்க முடியும் என்பதால் கூகுள் இரண்டையும் ஒரே அனுமதிக்குள் வைத்திருந்தது. ஆண்ட்ராய்டு 12 முதல் ‘அருகிலுள்ள சாதனங்கள்’ என்ற தனி அனுமதி வந்துவிட்டது. அதை மறுத்துவிட்டுத் தேடினாலும் ஒன்றும் வராது.

அண்ணன் போன், தம்பி போன், கை ரிமோட் மூன்றும் ஒரே நேரத்தில் ஒரு ஹப்பைப் பிடிக்கப் பார்ப்பதும் வழக்கம். யார் முந்துகிறாரோ அவரிடம் ஹப் போய்விடும், மற்றவருக்கு அது கண்ணிலேயே படாது. ஒருவர் இணையும்வரை மற்றவர்கள் ஆப்பை மூடி வைக்கட்டும். இரண்டு ரயில் இருந்தால் ஒன்றை இணைத்து முடித்துவிட்டு அடுத்ததன் பொத்தானை அழுத்துங்கள்.

முதல் இணைப்பின்போது ஹப்பின் உள்மென்பொருளைப் புதுப்பிக்க ஆப் கேட்கும். நடுவில் போன் வந்தாலும் எடுக்க வேண்டாம், ஹப்பையும் அணைக்க வேண்டாம். கொஞ்சம் விவரமான பிள்ளைகள் பைபிரிக்ஸ் என்ற திறந்தமூல மென்பொருளை ஹப்பில் ஏற்றுவதுண்டு. நல்ல விஷயம்தான். ஆனால் அதை ஏற்றிய பிறகு லெகோவின் ஆப்புக்கு அந்த ஹப் தெரியாது. பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றினால் தெரியும். அதற்குள் “ஹப் செத்துப்போச்சு” என்று யாரும் குப்பையில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி, பேட்டரி, பேட்டரி

ஹப்புக்கு ஆறு ட்ரிபிள் ஏ பேட்டரி வேண்டும். இங்கேதான் ஆட்டம் கெடுகிறது. பெட்டிக்கடையில் கிடைக்கும் மலிவான கார்பன் வகைக் கட்டைகள் சுவர்க் கடிகாரத்துக்கும் டிவி ரிமோட்டுக்கும் போதும், அவை இழுக்கும் மின்சாரம் அத்தனை சொற்பம். ரயில் மோட்டார் அப்படியில்லை. நின்ற இடத்திலிருந்து நாலு பெட்டியை இழுக்கும் அந்த நொடியில் மின்சாரத்தை ஒரே மூச்சில் கேட்கும். வலுவில்லாத பேட்டரியின் வோல்டேஜ் அப்போது சரியும், ஹப் அணைந்துவிடும். போன் என்ன சொல்லும்? ‘இணைப்பு துண்டிக்கப்பட்டது.’ அதைப் படிக்கிறவர் ப்ளூடூத்தைத் திட்டுவார்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ரயிலைக் கையில் தூக்கிப் பிடித்து, சக்கரம் காற்றில் சுழல ஆப்பில் வேகத்தைக் கூட்டுங்கள். அப்போது இணைப்பு அறுபடாமல் இருக்கிறது, தண்டவாளத்தில் வைத்து இழுக்கவிட்டால் மட்டும் அறுந்துபோகிறது என்றால் கோளாறு பேட்டரியிலோ இழுக்கும் பாரத்திலோதான். போன் குற்றவாளி இல்லை.

ஆல்கலைன் பேட்டரி ஒன்று 1.5 வோல்ட், ஆறுக்கு 9 வோல்ட். சார்ஜ் செய்யும் நிக்கல் வகை ஒன்று 1.2 வோல்ட், ஆறுக்கு 7.2. அதனால் சார்ஜ் பேட்டரியில் ரயிலின் உச்ச வேகம் கொஞ்சம் குறையும். அதைப் பார்த்து “டூப்ளிகேட்” என்று ஒதுக்க வேண்டாம். பாரம் இழுக்கும்போது அதன் வோல்டேஜ் அவ்வளவு சீக்கிரம் சரியாது. தினமும் ஓட்டும் வீட்டுக்கு நான் சொல்வது சார்ஜ் பேட்டரிதான். ஹப்பில் சார்ஜர் செருகும் துளை கிடையாது, கழற்றித்தான் சார்ஜ் செய்ய வேண்டும். ஆல்கலைனைச் சார்ஜரில் போடவே கூடாது. நாலு புதுசு, ரெண்டு பழசு என்று கலப்பதும் வேண்டாம். பழசு முதலில் காலியாகி, மற்றவை அதன் வழியே மின்சாரத்தைத் தள்ளும்போது கசிய ஆரம்பிக்கும்.

பள்ளி திறந்ததும் ரயிலைப் பேட்டரியோடு எடுத்துவைப்பது எல்லா ஊரிலும் நடப்பதுதான். உப்புக்காற்று அடிக்கும் நம் கரையில் அதற்கு விலை அதிகம். கசிந்த இடத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால், பேட்டரிகளை எடுத்துவிட்டு, வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்ட பஞ்சுக் குச்சியால் தகட்டை மட்டும் துடைத்து, பிறகு ஈரத்தையும் ஒற்றி எடுத்து, நன்றாகக் காயவிட்டுப் புதுசு போடுங்கள். தகடு துருவேறிப்போயிருந்தால் அது வேறு கதை.

மணலும் தேங்காய் எண்ணெயும்

மண்டபத்திலும் ராமேஸ்வரத்திலும் வீட்டுக்குள் மணல் வராமல் தடுக்க யாராலும் முடியாது. தரையில் போட்ட தண்டவாளத்தின் இணைப்புகளில் நாலு மணல் புகுந்தாலே ஒரு பக்கம் தூக்கி நிற்கும், அதே இடத்தில்தான் ரயில் திரும்பத் திரும்பக் கவிழும். தண்டவாளத்தை விரலால் தடவிப் பார்த்தால் மேடு தெரியும். கழற்றி, உதறி, மறுபடி பூட்டினால் போதும்.

சக்கரம் இறுகினால் வீட்டில் பெரியவர்கள் எடுப்பது தேங்காய் எண்ணெய்ப் பாட்டில். தயவுசெய்து வேண்டாம். எண்ணெய் பட்ட அச்சில் மணலும் தூசியும் ஒட்டிக் களிம்பாகும். மோட்டாரின் சக்கரத்தில் பிடிமானத்துக்காகப் போட்டிருக்கும் ரப்பர் வளையத்தில் எண்ணெய் பட்டால் சக்கரம் சுழலும், ரயில் நகராது. உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். அச்சில் சுற்றியிருக்கும் தலைமுடியை இடுக்கியால் எடுங்கள். கவிழ்த்துப் பார்த்தால் முடி இல்லாத ரயிலே இருக்காது, பெண்பிள்ளைகள் உள்ள வீடு என்றால் கேட்கவே வேண்டாம்.

பாரமும் வேகமும்

மோட்டாருக்கு மேல் எடை உட்கார வேண்டும். பேட்டரிகளோடு சேர்ந்த ஹப்தான் ரயிலிலேயே கனமான பொருள். அதைப் பின்பெட்டிக்கு மாற்றி எஞ்சினை அழகாகக் கட்டுகிறவர்கள் சக்கரம் வழுக்குகிறது என்று குறைப்படுவார்கள். இழுவை போதவில்லை என்று இரண்டு மோட்டார் போட்டால், இரண்டும் எதிரெதிர் முகமாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் ஆப்பில் ஒன்றின் திசையைத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு நின்ற இடத்திலேயே சூடாகும்.

ஆப்பின் வேகக் கோட்டை முழு முன்னோக்கிலிருந்து முழுப் பின்னோக்குக்கு ஒரே இழுப்பில் இழுப்பது பிள்ளைகளுக்குப் பெரிய விளையாட்டு. மோட்டாருக்கும் பேட்டரிக்கும் அதைவிடக் கெடுதல் இல்லை. முதலில் நிற்கட்டும், அப்புறம் பின்னால் போகட்டும்.

பாம்பன் பாலம் கட்டும்போது

இந்தக் கரையில் ரயில் வாங்கும் பிள்ளை அடுத்துக் கேட்பது பாலம். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு, நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே போகும் பாலம்தான் வேண்டும் என்கிறார்கள். 1914இல் திறந்த பழைய பாலத்தில் நடுப்பகுதி இரண்டு பக்கமும் கதவு போல விரிந்தது, ஆட்கள் கையால் இயக்கித் திறந்தார்கள். என் கண்ணுக்கு இன்றும் அதுதான் அழகு, ஆனால் பிள்ளைகளிடம் எடுபடவில்லை.

முதல் தவறு அளவில். லெகோ தண்டவாளத்தின் உள் அகலம் சுமார் 38 மில்லிமீட்டர், நம் அகல ரயில்பாதை 1,676 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட 44இல் ஒரு பங்கு. புதிய பாலத்தின் தூக்கும் பகுதி 72.5 மீட்டர் என்பதால், அதே விகிதத்தில் அது மட்டுமே ஒன்றரை மீட்டரைத் தாண்டும். ஒரு நேர்த்தண்டவாளம் 12.8 சென்டிமீட்டர், ஆக 13 துண்டுகள். 2 கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளும் முழுப் பாலத்தையும் கட்டினால் 45 மீட்டருக்கு மேல் போய்த் தெருவே அடைபடும். அந்த 13 துண்டை ஒரே மோட்டாரால் தூக்க ஆசைப்படாமல் நாலு துண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது, ரயிலில் இருக்கும் ஹப்பாலேயே பாலத்தையும் தூக்கலாம் என்ற எண்ணம். அந்த ஹப்பில் கம்பி செருக இரண்டு துளைகள்தான், அதுவும் ரயிலோடு ஓடிக்கொண்டிருக்கும். பாலத்துக்குத் தனி ஹப் வேண்டும். ஒரே ஆப்பில் இரண்டையும் இணைத்து இயக்கலாம். இறங்கி உட்காரும் பகுதியின் தண்டவாள முனை ஒரு மயிரிழை விலகினாலும் ரயில் அங்கே குதிக்கும், ஆகவே இரண்டு முனையிலும் சரிவான வழிகாட்டிக் கட்டைகள் வையுங்கள்.

பாலம் தூக்கியிருக்கும்போது ரயில் தானாக நிற்க வேண்டுமென்றால், 88007 நிற உணரியை எஞ்சினின் அடியில் கீழ்நோக்கி மாட்டி, தண்டவாளத்துக்கு நடுவே ஒரு சிவப்புக் கட்டை வைக்கலாம். மோட்டாருக்கு ஒரு துளை, உணரிக்கு ஒன்று என ஹப் நிறைந்துவிடும். இரண்டாவது மோட்டாருக்கு இடமில்லை. லெகோவின் ஆப்பில் எழுதும் நிரல் ஓடுவது போனில். உணரி பார்த்தது போனுக்குப் போய், போனின் கட்டளை ஹப்புக்குத் திரும்பி வர வேண்டும், அதற்குள் ரயில் கொஞ்சம் நகர்ந்துவிடும். பைபிரிக்ஸில் நிரல் ஹப்புக்குள்ளேயே ஓடுவதால் அந்தத் தாமதம் குறைவு. எதுவாக இருந்தாலும் சிவப்புக் கட்டையைப் பாலத்தின் விளிம்பில் வைக்காமல் முன்னாலேயே தள்ளி வையுங்கள். எவ்வளவு தள்ளி என்பதை எல்லாப் பெட்டிகளையும் மாட்டி, புது பேட்டரி போட்டு, முழு வேகத்தில் தரையில் ஓட்டி அளந்துகொள்ளுங்கள். காலியான பேட்டரியில் அளந்த தூரம், புதுசு போட்ட அன்றைக்கே பற்றாமல் போகும்.