உள்ளக அரங்கு வரைபவர்களுக்கு: கிட்ட இருக்கும் பக்கக் கோட்டினை மறக்காதீர்கள்

போன மாதம் எங்கள் வெள்ளவத்தை அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், பாடசாலை உள்ளக அரங்கு ஒன்றின் வரைபடத்தை மேசையில் விரித்தார். பார்த்ததும் வயிறு கலங்கியது. நான் தொழிலுக்கு வந்த புதிதில் செய்த அதே பிழை, அதே இடத்தில். கழிவறை போதாது, வாசல் ஒடுக்கம் என்பதையெல்லாம் வேறு யாராவது சொல்லித் தருவார்கள். யாரும் சொல்லித் தராத பிழைகள் இவை.

வெளிச்சத்துக்காகக் கூரையைத் திறப்பது

அமெரிக்காவின் ஹூஸ்டனில் அஸ்ட்ரோடோம் என்ற கூரையிட்ட பேஸ்போல் அரங்கு 1965இல் திறந்தபோது அதன் கூரை ஒளி ஊடுருவும் தகடுகளால் ஆனது. பகலில் உயரே போன பந்து கண்கூச்சத்தில் ஆட்டக்காரருக்குத் தெரியவில்லை. தகடுகளுக்கு வண்ணம் பூசினார்கள். வெயில் இல்லாமல் புல் செத்தது. 1966இல் செயற்கைப் புல் வந்தது அப்படித்தான். பட்மின்டனுக்கு அண்ணாந்து பார்க்கும் பிள்ளையை நினைத்துக்கொண்டு கூரையை வரையுங்கள்.

ஒரே விளையாட்டுக்கு ஆசனப் படி கட்டுவது

திறந்த மைதானத்து ரசிகர் பாதி நேரம் வானத்தைப் பார்ப்பார். கூரைக்குக் கீழே வருபவர் அப்படியல்ல. களத்துக்கு அருகில் உட்கார்ந்து, பந்து கோட்டில் பட்டதா என்று நடுவருக்கு முன்பே தீர்ப்புச் சொல்பவர். அவருக்குக் கோடு தெரிய வேண்டும்.

என்னிடம் வந்தது பட்மின்டன் அரங்கு. முதல் வரிசையில் இருப்பவரின் கண் 3 மீட்டர் உயரத்தில். பக்கக் கோடு 10 மீட்டர் தூரத்தில். படியின் உயரம் 30 செ.மீ., அகலம் 80 செ.மீ. பக்கக் கோட்டை நோக்கிய பின்வரிசைக்காரரின் பார்வை, முன்னால் இருப்பவரின் கண்ணுக்கு மேலே 56 மி.மீ. இடைவெளியில் போனது. இந்த இடைவெளி 60க்குக் குறையக் கூடாது. 90 நல்லது, 120 மிக நல்லது. 4 மி.மீ. தானே என்று விட்டுவிட்டேன். எல்லாப் படிக்கும் ஒரே உயரம் கொடுத்ததால் பத்து வரிசை பின்னால் அதுவும் 32 ஆகச் சுருங்கியதைக் கவனிக்கவே இல்லை.

பிறகு அதே தரையில் வலைப்பந்து வைத்தார்கள். பட்மின்டன் களத்தின் அகலம் 6.1 மீட்டர், வலைப்பந்துக்கு 15.25. கோடு எங்கள் பக்கம் 4.6 மீட்டர் நெருங்கிவிட்டது. பின்வரிசைப் பார்வை இப்போது முன்னவரின் கண்ணுக்கு 12 செ.மீ. கீழே, அதாவது அவர் தாடைக்குள் போனது! வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் இருப்பதால் உயரமான வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம் போல ஒருவர் எறிந்தால் எல்லோருக்கும் தெரியும். பக்கக் கோட்டில் நடப்பது தெரியாது. முன்னால் ஒருவர் எழும்பினார், பின்னால் அத்தனை பேரும் எழும்பினார்கள். மகளின் ஆட்டம் பார்க்க வந்த ஓர் அம்மா என்னிடமே கேட்டார்: "தம்பி, டிக்கெட் கதிரைக்கா, நிற்பதற்கா?"

கொங்கிரீட்டை உடைக்கக் காசில்லை. களத்தை எதிர்ப்பக்கம் தள்ளி, அந்தப் பக்கத்து ஆசனங்களைப் பூட்டினார்கள். இன்றும் அந்த வீதியால் போவதைத் தவிர்க்கிறேன்.

ஆகவே, அங்கே ஆடப்போகும் விளையாட்டுகளில் அகலமான களம் எதுவோ, அதன் கிட்டிய பக்கக் கோட்டுக்குக் கணக்குப் போடுங்கள். பின்னால் போகப் போகப் படி உயரட்டும். களம் மாறும்போதெல்லாம் கணக்கும் மாறும்.

கடற்காற்று

பட்மின்டன் ஷட்டிலின் எடை சுமார் 5 கிராம். யன்னலைத் திறந்தால் ஆட்டம் போச்சு, மூடினால் ரசிகர் வெந்துபோவார். குளிர்காற்றை ஆசனப் பக்கம் விடுங்கள், களத்தின் மேல் அல்ல.

வெறும் தகரக் கூரை

ஐப்பசி மழையில் விசில் கேட்காது.

முன்வரிசைக் கம்பி

உட்கார்ந்தவரின் கண் மட்டத்தில் வேண்டாம். தம்பியின் படத்தில் அதுவும் இருந்தது.