பல டொக்டர்கள், ஒரே ஃபைல்: மூத்தவர்களின் கிளினிக், குளிசை, பரிசோதனை

கொழும்பில் 65 வயதைத் தாண்டியவருக்கு ஒரேயொரு டொக்டர் இருப்பது அபூர்வம். சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் தேசிய வைத்தியசாலையிலோ களுபோவிலயிலோ மாதாந்தக் கிளினிக்; நெஞ்சுக்கு சனல் பண்ணிப் பார்க்கும் ஸ்பெஷலிஸ்ட்; காய்ச்சல் தடிமனுக்குச் சந்தியிலுள்ள டிஸ்பென்சரி; முழங்காலுக்கு ஆயுர்வேத எண்ணெயும் கசாயமும். ஒருவர் எழுதிக் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. எல்லாவற்றையும் விழுங்குகிற உடம்பு மட்டும் ஒன்று. ஆகவே புதிய டொக்டரைத் தேடுவதற்கு முன்னர், இந்த நால்வரும் திறந்து பார்க்கக்கூடிய ஒரு ஃபைலை வீட்டில் உண்டாக்குங்கள்.

ஃபைலுக்குள் கிளினிக் கொப்பி, வாட்டில் இருந்து வந்தபோது தந்த டயக்னோசிஸ் கார்ட், கடைசி ஈசிஜி, எக்கோ ரிப்போர்ட், கடைசி இரண்டு வருட இரத்தப் பரிசோதனைகள். அதற்கு முந்தியவற்றை வேறு உறையில் வைக்கலாம். கிளினிக்கில் டொக்டருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள், பத்து வருடக் கடதாசியைப் புரட்ட அவருக்கு நேரமில்லை. எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வைப்பதும் நல்லது. கிளினிக் கொப்பி ஓட்டோவில் மறந்து போகிற பொருள்.

முதல் பக்கத்தில் மருந்துப் பட்டியல். ஒவ்வொரு குளிசைக்கும் ஒரு வரி: மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த நேரம், எந்த வருத்தத்துக்கு, யார் எப்போது தொடங்கியது. பெயரை ஆங்கில எழுத்தில், பெட்டியில் உள்ளபடியே எழுதுங்கள். டொக்டர்களும் பாமசிக்காரரும் அதைத்தான் வாசிப்பார்கள். அலர்ஜி எதுவும் இருந்தால் மேலே சிவப்பில். ஆயுர்வேத மருந்து, விற்றமின், கடையில் கேட்டு வாங்கும் நோவுக் குளிசை ஆகியவையும் இதே பட்டியலில் வர வேண்டும். "அது மருந்தில்லையே" என்று அவற்றை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

எழுதும்போது கம்பனிப் பெயரை அல்ல, மருந்தின் சொந்தப் பெயரை எழுதுவது முக்கியம். கிளினிக்கில் பிரஷர் மருந்தான லொசார்டன் சாதாரண உறையில் வரும். ஸ்பெஷலிஸ்ட் அதே லொசார்டனை ஒரு கம்பனிப் பெயரில் எழுதுவார். பெட்டி வேறு, குளிசையின் நிறம் வேறு. வீட்டில் இரண்டையும் குடிப்பார்கள். எழும்பும்போது தலைச்சுற்று, குளியலறையில் விழுகை, இடுப்பு எலும்பு முறிவு என்று அது போய் முடியலாம். 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கி நடத்திய பேராசிரியர் சேனக பிபிலே மருந்தை அதன் சொந்தப் பெயரில் எழுதுவதற்காக வாதாடியவர். அவரது நோக்கம் விலையைக் குறைப்பது. ஒரே மருந்தை இருமுறை விழுங்காமல் காப்பதும் அதோடு சேர்ந்தே கிடைக்கிறது. அரச பாமசியான ஒசுசலவில் வாங்கினாலும் தனியார் பாமசியில் வாங்கினாலும் பெட்டியில் சிறிய எழுத்தில் உள்ள பெயரைப் பாருங்கள்.

மருந்துத் துண்டில் உள்ள சுருக்கெழுத்துகளையும் தெரிந்துகொள்ளுங்கள். 'மேனே' காலை, 'நொக்டே' இரவு, 'பி.டி.' நாளுக்கு இரண்டு தடவை, 'டி.டி.எஸ்.' மூன்று தடவை, 'ஏ.சி.' சாப்பாட்டுக்கு முன், 'பி.சி.' பின், 'எஸ்.ஓ.எஸ்.' தேவைப்பட்டால் மட்டும். உறையில் சிங்களத்தில் எழுதியிருந்தால் பாமசி ஜன்னலை விட்டு நகர முன்னரே கேட்டு, தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். டொக்டரிடம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வருத்தத்தை விளக்க முடியாதவர் என்றால், பேசத் தெரிந்த ஒருவர் கூடப் போக வேண்டும். "ஓம் டொக்டர்" என்று தலையாட்டிவிட்டு வருவதால் பயனில்லை.

கிளினிக் நாள்

கிளினிக்கில் வழமையாக ஒரு மாத மருந்து தருவார்கள். அடுத்த திகதியைக் கொப்பியில் போட்டதும் கலண்டரைப் பாருங்கள். போயா தினத்திலும் அரச விடுமுறையிலும் கிளினிக் நடக்காது. திகதி ஒரு வாரம் தள்ளிப்போனால் மருந்தும் ஒரு வாரம் குறையும். எப்போதும் ஏழு நாள் மருந்து கையிருப்பில் இருக்கட்டும். சித்திரைப் புத்தாண்டு, வெசாக் காலங்களில் இது மிகவும் உதவும். மருந்தகத்தில் ஒரு மருந்து இல்லை, வெளியில் வாங்கச் சொன்னார்கள் என்றால் அன்றே வாங்குங்கள். "அடுத்த கிளினிக்கில் பார்ப்போம்" என்று பிரஷர் குளிசையை நிறுத்துவது பக்கவாதத்துக்குக் கதவைத் திறந்துவிடுவது.

கிளினிக்குக்குப் போகும் காலையில் பிரஷர் குளிசையைக் குடிக்காமல் போவது பரவலான பழக்கம். அப்படிப் போனால் பிரஷர் கூடக் காட்டும், டொக்டர் அளவைக் கூட்டுவார், வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஒழுங்காகக் குடித்ததும் தலைச்சுற்றும். வெறுவயிற்று இரத்தப் பரிசோதனை என்றாலும் பிரஷர் குளிசையைத் தண்ணீரோடு குடிக்கலாம்; சீனிக் குளிசையையும் இன்சுலினையும் மட்டும் சாப்பிடும் வரை தள்ளிவையுங்கள். வெறுவயிறு என்றால் 8 முதல் 12 மணித்தியாலம். தண்ணீர் குடிக்கலாம், தேத்தண்ணி கூடாது. சீனி வருத்தக்காரர் 14, 15 மணித்தியாலம் பட்டினி கிடந்து வரிசையில் மயங்குவது தேவையில்லாத ஆபத்து. இரத்தம் கொடுத்த உடனேயே சாப்பிட பையில் ஒரு பாண் துண்டு இருக்கட்டும்.

இதுவரை எந்தக் கிளினிக்கிலும் பதியாதவர் என்றால், அரச வைத்தியசாலைகளிலும் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பிரிவுகளிலும் நடக்கும் ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டரில் தொடங்கலாம். 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பிரஷர், சீனி, நிறை எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள்.

எதை, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை

சீனி வருத்தம் உள்ளவருக்கு எச்.பி.ஏ.1சி என்ற இரத்தப் பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைச் சொல்லும். கட்டுப்பாட்டில் இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இல்லையென்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. 7 சதவீதத்துக்குள் வைப்பது பொதுவான இலக்கு. தளர்ந்த, பல வருத்தங்கள் உள்ள மூத்தவருக்கு 8 வரை விடலாம் என்று டொக்டர்கள் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவர்களுக்குச் சீனி கூடுவதைவிடத் திடீரென்று குறைவதுதான் உடனடி ஆபத்து. பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து போனில் "ஏன் இன்னும் 7.6?" என்று அம்மாவை நெருக்குவதை நிறுத்தலாம்.

வருடத்துக்கு ஒருமுறை கிட்னியின் நிலையைக் காட்டும் சிறுநீர் அல்புமின், இரத்தத்தில் கிரியட்டினின், ஈ.ஜி.எஃப்.ஆர். (கிட்னி வடிகட்டும் வேகம்); இவற்றோடு கொலஸ்ட்ரோல், கண்ணின் விழித்திரைப் பரிசோதனை, பாதத்தின் உணர்வுப் பரிசோதனை. மெட்போமின் என்ற சீனிக் குளிசையை வருடக்கணக்கில் குடிப்பவருக்குக் கால் விறைப்போ சோர்வோ இருந்தால் விற்றமின் பி12 குறைந்திருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள். கண் பரிசோதனைக்கு மருந்து விட்டால் சில மணித்தியாலம் பார்வை மங்கும். யாராவது கூட வரட்டும். பெண்கள் மார்பகத்தில் கட்டியோ மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கோ கண்டால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்கவே கூடாது.

கிரியட்டினின் ரிப்போர்ட்டில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு லாப் 1.2 என்று கொடுக்கும், மற்றது 106 என்று கொடுக்கும். கிட்னி கெட்டுவிட்டதென்று பதறாதீர்கள்: முதலாவது டெசிலீற்றருக்கு மில்லிகிராம், இரண்டாவது லீற்றருக்கு மைக்ரோமோல், 1.2ஐ 88.4ஆல் பெருக்கினால் 106. முடிந்தவரை ஒரே லாப்பில் எடுங்கள், அலகையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு தனி எண்ணைவிட மூன்று வருடத்தில் அது ஏறுகிறதா என்பதுதான் விஷயம்.

வீட்டில் அளப்பது

பிரஷர் மெஷின் மேற்கையில் கட்டுவதாக இருக்கட்டும். மணிக்கட்டு மெஷின் அவ்வளவு நம்பத்தக்கதல்ல. பட்டி கைக்குச் சிறிதாக இருந்தால் பிரஷர் கூடக் காட்டும். அரை மணித்தியாலத்துக்கு முன் தேத்தண்ணி, கோப்பி, சிகரெட் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதம் நிலத்தில் பட, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். கை நெஞ்சின் மட்டத்தில், மேசைமீது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை அளந்து இரண்டையும் எழுதுங்கள். டொக்டருக்குக் காட்ட ஏழு நாள், காலையும் பின்னேரமும் அளந்தால் போதும். முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரி பார்க்கப்படும். வீட்டுச் சராசரி 135/85ஐத் தாண்டினால் அது உயர்வு. நாளுக்குப் பத்துத் தடவை அளப்பது பயத்தைத்தான் வளர்க்கும்.

எழும்பும்போது தலை சுற்றுபவருக்கு, இருந்தபடி ஒருமுறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறை அளந்து பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள். புரோஸ்டேட்டுக்குக் கொடுக்கும் டாம்சுலோசினும் இதைச் செய்யும்.

சீனி அளக்க முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். மாம்பழம் வெட்டிய விரலில் குத்தினால் மெஷின் மாம்பழத்தின் சீனியையும் சேர்த்தே அளக்கும். ஸ்ட்ரிப் குப்பியின் மூடியை உடனே இறுக்குங்கள். கொழும்பின் ஈரக் காற்றில் அது பழுதாகிவிடும். இன்சுலின் ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 பாகைக்குள், உறையும் தட்டுக்குப் பக்கத்தில் அல்ல. உறைந்த இன்சுலினை வீசிவிடுங்கள். பாவிக்கத் தொடங்கியதைப் பெரும்பாலும் 28 நாள் வரை 30 பாகைக்குக் குறைந்த இடத்தில் வெளியே வைக்கலாம். தகரக் கூரை வீட்டில் பகலில் அப்படி ஓர் இடம் இல்லையென்றால் ஃப்ரிட்ஜின் கதவே நல்லது.

சீனி 70க்கு (டெசிலீற்றருக்கு மில்லிகிராம்) கீழே போனால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்ப அளந்து, பிறகு சாப்பாடு கொடுங்கள். வயதானவர்களுக்கு நடுக்கம் தெரியாமல், உளறலோ கோபமோ தூக்கமோ மட்டும் வரலாம். பீட்டா புளொக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் குளிசை) குடிப்பவருக்குப் படபடப்பு மறைந்துவிடும், வியர்வை மட்டும் தெரியும். கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் ஆகிய சீனிக் குளிசைகளைக் குடிப்பவருக்குச் சீனி ஏறிவிட்டு மறுபடி இறங்கக்கூடும், அதனால் ஆஸ்பத்திரிக்குப் போவதே நல்லது. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

சாப்பாடு, விரதம், கோயில்

லொசார்டன், எனலாபிரில், ஸ்பைரனோலக்டோன் குடிப்பவருக்கும் கிட்னி பலவீனமானவருக்கும் தம்பிலியும் இளநீரும் மருந்தல்ல. பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு குழம்பலாம். கிட்னி வருத்தக்காரர் காமரங்காவைத் தொடவே கூடாது, பிலிங்காய்ச் சாறும் வேண்டாம். கொத்தல ஹிம்புட்டுக் கசாயம் சீனியைக் குறைக்கக்கூடியதுதான். அதனால்தான் குளிசையோடு சேரும்போது கவனம் வேண்டும். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்பரின் குடிப்பவர் கீரையை நிறுத்த வேண்டியதில்லை, ஒவ்வொரு வாரமும் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட்டால் சரி. முழங்கால் நோவுக்கு டைக்ளோபெனாக், இபுபுரூஃபென் ஆகியவற்றைத் தானாக வாங்கிக் குடிப்பது, அதுவும் பிரஷர் குளிசையோடும் நீர் போகும் குளிசையோடும் சேர்த்து, கிட்னியைக் கெடுக்கும் நேர்வழி. டெங்குக் காலத்துக் காய்ச்சலில் இவை இரத்தப்போக்கையும் உண்டாக்கலாம், பரசிட்டமோல் மட்டும். ஏற்கனவே அஸ்பிரின் குடிப்பவர் காய்ச்சல் வந்த அன்றே டொக்டரைக் கேட்கட்டும். சத்தியும் வயிற்றோட்டமும் வந்த நாளிலும் அப்படித்தான்: மெட்போமின், லொசார்டன், நீர்க் குளிசை ஆகியவற்றைச் சில நாள் நிறுத்த வேண்டிவரலாம்.

ரமழான் நோன்புக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்னரே கிளினிக்கில் பேசி, குளிசை நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொள்ளுங்கள். நோன்பின்போது சீனி 70க்குக் கீழே போனாலும் 300க்கு மேலே போனாலும் நோன்பை முறிக்க வேண்டும். கந்தசஷ்டி ஆறு நாளும் இளநீரோடு இருக்கும் விரதத்துக்கும் இதே முன்யோசனை வேண்டும், அதைக் கிளினிக்கில் சொல்ல வெட்கப்படத் தேவையில்லை.

கால் விறைத்தவருக்குச் சூடு தெரியாது. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைப் போல் கருங்கல் பதித்த வீதியில் நண்பகலில் வெறுங்காலோடு சுற்றினால் பாதம் வெந்து கொப்பளம் வந்தபின்தான் தெரியும். காலைப் பூசைக்குப் போங்கள்; வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் கண்ணாடி வைத்துப் பாருங்கள். கொப்பளத்தை ஊசியால் குத்தாதீர்கள்.

அவசரமும் அதற்குப் பிறகும்

முகம் ஒருபக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாவிட்டாலோ, பேச்சுக் குழறினாலோ 1990க்கு அழையுங்கள்; சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பெரும்பாலும் அந்த நேரத்திலிருந்து நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். காலையில் எழும்பும்போதே அப்படி இருந்தால், இரவு படுக்கப்போன நேரத்தைச் சொல்லுங்கள். ஃபைலைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறுங்கள்.

வாட்டிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று மாலையே டயக்னோசிஸ் கார்டையும் பழைய பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கார்டில் இல்லாத பழைய மருந்து நிறுத்தப்பட்டதா, எழுத மறந்ததா என்பது உங்களுக்குத் தெரியாது. அடுத்த நாளே வாட்டையோ கிளினிக்கையோ கேட்டு, நிறுத்தியதைக் கோடிட்டுத் திகதி போடுங்கள். நிறுத்திய குளிசைகளை அலுமாரியிலிருந்து எடுத்துவிடுங்கள். பழக்கதோஷத்தில் கை முதலில் போவது பழைய டப்பாவுக்குத்தான்.