பழைய பக்கிக்கு ஐந்து கியர் பெட்டி: காசு கொடுக்கும் முன் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பழைய நான்கு கியர் பக்கி (பிக்கப் வண்டி) வைத்திருப்பவர்கள் ஐந்து கியர் பெட்டிக்கு மாறுவது நல்ல யோசனைதான். நான்காவது கியர் 1:1, ஐந்தாவது 0.85 என்றால், என்3 நெடுஞ்சாலையில் நிமிடத்துக்கு 3,500 சுற்றில் அலறும் என்ஜின் அதே வேகத்தில் ஏறக்குறைய 3,000 சுற்றில் நிம்மதியாக ஓடும்.

ஸ்கிராப் யார்டில் முதலில் இன்புட் ஷாஃப்டின் (என்ஜின் சுழற்சியைப் பெட்டிக்குள் கொண்டுவரும் தண்டின்) பற்களை எண்ணுங்கள். கிளட்ச் பிளேட்டின் நடுத்துளை அந்தப் பற்களுக்குப் பொருந்த வேண்டும். அதன் வெளிவிட்டமோ உங்கள் ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் பொருந்த வேண்டும். ஷாஃப்டின் நுனி, கிராங்க் முனையில் இருக்கும் பைலட் பேரிங்கில் ஆட்டமில்லாமல் உட்காருகிறதா என்பதையும் அளந்து பார்த்துவிடுங்கள். பெல் ஹவுசிங் (கிளட்சை மூடி, பெட்டியை என்ஜினோடு இணைக்கும் கூடு) போல்ட் துளைகள் என்ஜினோடு ஒத்துப்போகவில்லையா? அந்தப் பெட்டியை விட்டுவிடுங்கள், அடாப்டர் செய்யப் போனால் செலவு கையைக் கடிக்கும்.

பெல் ஹவுசிங், பின் மவுண்டிங், புரொப்பெல்லர் ஷாஃப்டின் (பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டின்) முன் இணைப்பான யோக் மூன்றையும் பெட்டி வந்த அதே வண்டியிலிருந்து சேர்த்தே கேளுங்கள். பெட்டியின் நீளம் மாறினால் புரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டி பேலன்ஸ் செய்ய வேண்டி வரும்.

அப்புறம் ஆயில். சின்க்ரோ வளையங்கள் (கியர் மாற்றும்போது வேகத்தை ஒத்துப்போக வைப்பவை) பித்தளை என்றால் ஜிஎல்-4 தர கியர் ஆயில் ஊற்றுங்கள். ஜிஎல்-5 வகைகள் சில பித்தளையை அரிக்கும்.